அரசின் முடிவும் நமது பொக்கெற்றும்: இலங்கை நெருக்கடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோல் வரிசையும் கேஸ் வரிசையும் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் 2022 இன் அந்த நெருக்கடி எப்படி நடந்தது, இனியும் நடக்குமா என்று கேட்பவர்கள் ஓயவில்லை. கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்கள், உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலாத் துறையை முடக்கியது உண்மைதான். ஆனால் நம்மைவிடப் பல மடங்கு சுற்றுலாவையே நம்பியிருக்கும் மாலைதீவு அந்தக் காலத்தில் வங்குரோத்தாகவில்லை. ஆகவே இங்கே பேசப்போவது பெரும்பாலும் அரசின் கையில் இருந்த விடயங்களைப் பற்றியே.

பொருளாதாரத்தில் அரசு எதையெல்லாம் தொட முடியும்?

வீதி போடுவது, துறைமுகம் கட்டுவது, அரச வேலை கொடுப்பது ஆகியவை கண்ணுக்குத் தெரியும். அவற்றைவிட ஆழமாகப் போகிறவை நான்கு: வரி, பணத்தின் அளவும் வட்டியும், டொலரின் விலை, இறக்குமதி அனுமதி. இந்த நான்கையும் மாற்றப் பெரும்பாலும் ஒரு வர்த்தமானி அறிவித்தலோ மத்திய வங்கியின் ஓர் அறிக்கையோ போதும். காலையில் வெளியாகி, மாலைக்குள் புறக்கோட்டை மொத்த வியாபாரியின் விலைப்பட்டியல் மாறிவிடும்.

ஒன்றை இழுத்தால் மற்றது அசையும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2019க்குப் பின் நடந்த கதை முழுவதும் அந்த இழுபறிதான்.

வரியைக் குறைத்தால் வியாபாரம் வளரும் என்பார்களே. 2019 இல் குறைத்தார்கள். ஏன் வளரவில்லை?

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். அடுத்த மாதம் முதலாம் திகதியே பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. தேச நிர்மாண வரி நீக்கப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கும் உழைக்கும்போதே செலுத்தும் வரியும் கட்டாயமில்லை என்றானது.

வீதம் குறைந்தது பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய சேதம், பலர் கவனிக்காத இன்னொரு மாற்றத்தில் இருந்தது. வற் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1 கோடியே 20 லட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. ஒரே பாய்ச்சலில் 25 மடங்கு. 28,000க்கு மேல் இருந்த வற் பதிவுகள் 10,000க்குக் கீழே இறங்கின. வீதத்தை மறுபடி ஏற்றுவதற்கு ஒரு நாள் போதும். பதிவேட்டிலிருந்து வெளியே போன வியாபாரிகளைத் திரும்பக் கூட்டிவர ஆண்டுகள் பிடிக்கும். இறைவரித் திணைக்களம் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம், 2020 இல் 8 வீதமளவுக்குச் சரிந்தது. அதற்கு முன்னும் உலகிலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றாகத்தான் நாம் இருந்தோம்.

வரிக்குறைப்பு சில இடங்களில் வளர்ச்சி தரும். கையில் சேமிப்புள்ள அரசு, கடன் குறைந்த அரசு அதைச் செய்யலாம். நம் அரசோ அந்த நேரத்தில் பழைய கடனுக்கு வட்டி கட்டவே புதுக் கடன் எடுத்துக்கொண்டிருந்தது. வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டவனுக்கு அடுத்த கடன் கொடுக்க யார் வருவார்கள்? 2020 முடிவதற்குள் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நம்மைக் கீழே தள்ளின. ஃபிட்ச் நவம்பரில், கடன் கட்டத் தவறும் ஆபத்து உண்டு என்று பொருள்படும் 'சிசிசி' என்ற நிலைக்கு இறக்கியது. அதோடு சர்வதேசச் சந்தையில் புதிய கடன்முறி விற்கும் வழி அடைபட்டது. இதற்கிடையில் கொரோனாவும் வந்துவிட்டதால், வரிக்குறைப்பால் பிறந்திருக்கக்கூடிய கொஞ்ச வியாபாரமும் பிறக்கவில்லை.

வருமானம் குறைந்தும் அரசு சம்பளம் கொடுத்ததே. பணம் எங்கிருந்து வந்தது?

மத்திய வங்கியிடமிருந்து. அரசின் பணப்பெட்டியான திறைசேரி தன் கடன்பத்திரங்களை ஏலத்துக்கு விடும். வாங்க ஆளில்லாத மீதியை மத்திய வங்கி வாங்கும். அதற்கு ஈடான ரூபா புதிதாகப் பிறக்கும். பேச்சுவழக்கில் இதுதான் 'பணம் அச்சடித்தல்'. காகிதத் தாளாக அச்சிடுவது அதில் சிறு பகுதி. பெரும்பகுதி கணக்கேட்டில் எழுதப்படும் எண்தான். 2019 இறுதியில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரச கடன்பத்திரங்களின் பெறுமதி 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. இரண்டே ஆண்டில் அது 1,000 பில்லியனைத் தாண்டியது.

டொலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த 2022 ஜனவரியில்கூட, நிதியமைச்சர் பஸில் ராஜபக்ஷ அரச ஊழியர்களுக்கு மாதம் 5,000 ரூபா மேலதிகக் கொடுப்பனவு அறிவித்தார். வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை, விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பணம் வரியிலிருந்து வரவில்லை. புதிதாகப் பிறந்த ரூபா கடைசியில் பருப்பு, சீனி, எரிபொருள் என இறக்குமதிப் பொருளைத்தான் தேடிப் போகும். அதற்கு டொலர் வேண்டும். டொலரை மத்திய வங்கியால் அச்சிட முடியாது.

டொலரை 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது மக்களுக்கு நல்லதுதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் நல்லது போலத்தான் இருக்கும். 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை வங்கிகளில் டொலர் 200 ரூபாவை ஒட்டியே நின்றது. அப்போது மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால்.

அந்த விலைக்கு டொலர் வாங்க விரும்பியவர்கள் ஆயிரம்பேர். விற்க வந்தவர்கள் மிகச் சிலர். குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்யும் ஒருவர் நூறு டொலர் அனுப்பினால் வங்கி 20,000 ரூபா கொடுத்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் 24,000க்கும் மேலே கொடுத்தார். வங்கி ஊடாக அனுப்புவோருக்கு டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை என்றார்கள். அந்த இடைவெளியை 10 ரூபா நிரப்பவில்லை. 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு 2021 இல் 5.5 பில்லியனாகவும் 2022 இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. நம் ஆட்கள் அனுப்பாமல் இருந்துவிடவில்லை. பணம் வீடு வந்தது, டொலர் நாட்டுக்கு வரவில்லை. அந்த டொலர் வெளியிலேயே நின்று வேறு யாருடைய இறக்குமதிக்கோ, வெளியே போகும் பணத்துக்கோ பயன்பட்டது.

இதைத் தேசத்துரோகம் என்று திட்டியவர்கள் இருந்தார்கள். நூறு டொலருக்கு நாலாயிரம் ரூபாவை விட்டுக்கொடுக்கச் சொல்லி, பிள்ளைகளைப் பிரிந்து வீட்டு வேலைக்குப் போன ஒரு தாயிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இடைவெளியை உண்டாக்கியது கொழும்பில் எடுத்த முடிவு.

2022 மார்ச் 7 இல் பிடியைத் தளர்த்தினார்கள். இரண்டு மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. சிறிது சிறிதாக விட்டிருந்தால் ஓர் ஆண்டில் ஏறியிருக்கக்கூடியது சில வாரங்களில் ஏறியது. கொள்கலன் கடலில் வந்துகொண்டிருக்கும்போதே அதன் ரூபா விலை முக்கால் மடங்கு கூடிப்போன வியாபாரிகள் பலர் அதன்பின் எழும்பவில்லை.

இறக்குமதியைத் தடைசெய்தால் உள்ளூர் உற்பத்தி வளரும் அல்லவா?

சில பொருட்களில், சில காலம், வளரும். யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கு, வெங்காயச் செய்கையாளருக்கு அறுவடை நேரத்தில் இறக்குமதிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கூட்டுவது பெரிய ஆறுதல். அதில் எனக்கு மறுப்பில்லை. அறுவடை முடிந்ததும் அறவீட்டைக் குறைக்கவும் முடிகிறது.

மஞ்சளின் கதை வேறு. உள்ளூர் விவசாயியைக் காக்கிறோம் என்று மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாட்டின் தேவைக்கு உள்ளூர் விளைச்சல் போதவில்லை. மஞ்சள் விதைத்து எடுக்க எட்டு ஒன்பது மாதமாவது செல்லும். 2020 இல் கிலோ சில நூறு ரூபாவிலிருந்து சில ஆயிரங்களுக்குப் போனது. இராமநாதபுரம் கரையிலிருந்து மன்னார், கற்பிட்டிப் பக்கம் படகில் மஞ்சள் மூட்டை வரத் தொடங்கியது. தங்கமும் கஞ்சாவும் பிடித்துக்கொண்டிருந்த கடற்படை, மஞ்சள் பிடித்ததாகப் படத்தோடு அறிக்கை விட்டது. கடையில் இருந்த தூளில் அரிசி மாவும் நிறமும் கலந்தன. ஒரு தடை கடத்தல்காரரையும் கலப்படக்காரரையும்தான் வளர்த்துவிட்டது. விவசாயிக்கும் கொஞ்சம் கிடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வாகன இறக்குமதித் தடை 2020 மார்ச்சில் வந்தது. அது டொலர் மிச்சம் பிடிக்க. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பத்து வருடப் பழைய கார் வாங்கின விலையைவிடக் கூடுதலாக விற்கப்பட்டது. இத்தனைக்கும் வாகன இறக்குமதி அரசுக்கு வரி கொட்டும் துறை. டொலரை மிச்சம் பிடிக்கப்போய் ரூபா வருமானத்தையும் இழந்தார்கள். இழந்த ரூபாவை ஈடுகட்ட மறுபடி பணம் அச்சடித்தார்கள்.

பசளைத் தடையால்தான் எல்லாம் கெட்டதா?

இல்லை. அது நெருக்கடியின் தொடக்கமும் அல்ல, மூலகாரணமும் அல்ல. ஆனால் ஓர் அரசு எவ்வளவு வேகமாக ஒரு துறையை உடைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோட்டாபயவின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகச் சொல்லப்பட்டிருந்தது. 2021 மே மாதம் வந்த வர்த்தமானி, இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது. பத்து ஆண்டு ஒரு போகமாகச் சுருங்கியது. மக்களின் சிறுநீரக நோயையும் சுற்றுச்சூழலையும் காரணமாகச் சொன்னார்கள். பசளை இறக்குமதிக்கு 2020 இல் 250 மில்லியன் டொலருக்குச் சற்று மேலே செலவாகியிருந்தது. அந்த டொலரும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த டொலரைவிட அதிகமான டொலருக்கு அரிசி வாங்கவேண்டி வந்தது. மலையகத்தில் தேயிலைக் கொழுந்து குறைந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபாவாகியிருந்தது. அந்தச் சம்பளத்தைக் கொழுந்தின் கிலோக்கணக்கோடு கட்டிவைத்தபின் பசளையும் இல்லாமல்போனால், நிறை குறைந்த நாளில் அரைச்சம்பளம் யார் தலையில் விடியும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்குள் ஒரு கப்பல் கதையும் உண்டு. சீனாவின் சிங்டாவோ சீவின் நிறுவனத்திடம் வாங்கிய சேதனப் பசளையில் தீங்கான பக்ரீரியா இருப்பதாக நமது ஆய்வுகூடம் சொன்னது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் இறக்காமல் சுற்றிச்சுற்றி நின்றது. பணம் கொடுக்கவில்லை என்று மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில் 6.7 மில்லியன் டொலர் கட்டினோம், பசளை இறங்கவேயில்லை.

2021 நவம்பரில் தடை பெருமளவு நீக்கப்பட்டது. அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை ஏறிவிட்டிருந்தது, நம்மிடம் டொலரும் இல்லை. தடையை நீக்கும் வர்த்தமானி வந்த பிறகும் வயலுக்குப் பசளை வரவில்லை.

விலைக்கட்டுப்பாடு ஏழைகளைக் காப்பாற்றாதா?

அரிசி, சீனி, பால்மா எல்லாவற்றுக்கும் உச்ச விலை போட்டார்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் உணவுப் பதுக்கலைத் தடுக்க அவசரகால ஒழுங்குவிதிகள்கூட வந்தன. களஞ்சியசாலைகளைச் சோதனையிட ஓர் இராணுவ அதிகாரியை ஆணையாளர் நாயகமாக நியமித்தார்கள். பொருளின் அடக்க விலையே உச்ச விலையைவிடக் கூடும்போது இறக்குமதியாளர் இறக்காமல் விட்டுவிடுவார். பால்மா கடைகளிலிருந்து காணாமல்போனது அப்படித்தான். ஒக்டோபரில் கட்டுப்பாட்டை நீக்கியதும் பால்மா வந்தது, வாங்க முடியாத விலையில்.

சீனியில் நேர்மாறு. 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த இறக்குமதி அறவீடு 25 சதமானது. கடையில் விலை அந்தளவு இறங்கவில்லை. திறைசேரிக்கு வரவேண்டிய பணம் பெரிய இறக்குமதியாளரின் கைக்குப் போனது. வரியைக் குறைத்த பலன் வாடிக்கையாளருக்குப் போகுமா என்பதைச் சந்தையில் எத்தனைபேர் போட்டி போடுகிறார்கள் என்பதே தீர்மானிக்கும்.

எல்லாவற்றுக்கும் சீனக் கடன்தான் காரணம் என்கிறார்களே?

இந்தியத் தொலைக்காட்சிகளில் அதிகம் கேட்கும் பதில் இது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்ததால் அந்தப் படம் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நாம் கடன் கட்டமுடியாது என்று அறிவித்தபோது, வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்வதேச இறைமை முறிகள், அதாவது வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் விற்ற அரச கடன்பத்திரங்கள். பெரும்பாலும் நியூயோர்க், லண்டன் முதலீட்டு நிதியங்கள் வைத்திருந்தவை. சீனாவின் பங்கு, அரச நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால், ஐந்தில் ஒன்று அளவில் வரும். அந்த முறிகள் 2007 இல் தொடங்கியவை. அவற்றுக்கு வட்டி அதிகம், தவணை முடியும்போது முதல் முழுவதையும் ஒரே நாளில் கட்டவேண்டும். எல்லா ஆட்சியும் அப்படிக் கடன் எடுத்தது, நல்லாட்சி என்று வந்த 2015 அரசும் சேர்த்தே.

சீனத் திட்டங்களில் வருமானம் தராத வெள்ளை யானைகள் இருந்தது உண்மை. ஆனால் கடன் வாங்கி எதைக் கட்டுவது என்று முடிவு செய்தவர்கள் பீஜிங்கில் இருக்கவில்லை.

சர்வதேச நாணய நிதியத்திடம் ஏன் முன்பே போகவில்லை?

எனக்கு இந்தக் காலத்தின் மிகப் பெரிய பிழையாகப் படுவது இதுதான், பசளையைவிடவும். 2020 இலேயே கடனை மறுசீரமைக்கச் சொன்ன பொருளியலாளர் பலர். அரசு கேட்கவில்லை. 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் முறி ஒன்றை முழுதாகக் கட்டினார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாணயக் கடிதம், அதாவது இறக்குமதிக்கான வங்கி உத்தரவாதம், திறக்க முடியாமல் வங்கிகள் நின்ற நேரம் அது. கட்டியது முதலீட்டாளரின் நம்பிக்கையைக் காக்க என்றார்கள். சரியாக 12 வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மே தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் கீழே.

அந்த ஆண்டு இந்தியா கடன்வசதி, கொடுப்பனவு ஒத்திவைப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 4 பில்லியன் டொலர் தந்து தாங்கியது. நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர்த் திட்டம் 2023 மார்ச் 20 இல்தான் அனுமதிக்கப்பட்டது, அதுவும் நான்கு ஆண்டில் தவணையாக வருவது.

2022 இல் வட்டியை அவ்வளவு ஏற்றியது வியாபாரத்தைக் கொல்லவில்லையா?

பலரைக் கொன்றது. ஏப்ரல் 2022 இல் நந்தலால் வீரசிங்க ஆளுநராக வந்ததும் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப்புள்ளி ஏற்றினார். 2023 மார்ச்சில், வங்கிகள் மத்திய வங்கியில் வைப்பிடும் பணத்துக்கு 15.5, அதனிடம் வாங்கும் கடனுக்கு 16.5 வீதம் வரை அது போனது. வங்கிக் கடன் 25 வீதத்தைத் தாண்டியபோது லீசிங் எடுத்த முச்சக்கரவண்டிக்காரர் முதல் ஆடைத் தொழிற்சாலைவரை திணறின.

ஏற்றாமல் விட்டிருந்தால்? கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். அந்த நிலையில் 10 வீத வட்டிக்குக் கடன் எடுத்துப் பொருளைப் பதுக்கிவைத்தவரே வென்றிருப்பார், சேமித்தவர் அழிந்திருப்பார். 2023 யூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. வட்டியும் ஜூன் முதலே இறங்கத் தொடங்கிவிட்டது. மருந்து கசப்பானது என்று தலையாட்டுவது எனக்கு இலகு, அதைக் குடித்துக் கடையை மூடிய சிறு தொழில் முதலாளிக்கு அல்ல. வரியை 2020 இலேயே மீட்டிருந்தால் இவ்வளவு வட்டி தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மானியத்தை நிறுத்தியது சரியா?

பெற்றோலும் மின்சாரமும் அடக்க விலைக்குக் கீழே விற்கப்பட்டபோது அதிக லாபம் அடைந்தவர்கள் பெரிய வண்டியும் குளிரூட்டியும் வைத்திருந்தவர்கள். மின்கட்டணத்தை 2014 இல் குறைத்தபின் எட்டு ஆண்டுகளாக ஏற்றாமல் விட்டு, பிறகு 2022 ஆகஸ்ட்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏற்றினார்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் என்று ஏற்றியிருந்தால் யாரும் வீதிக்கு வந்திருக்கமாட்டார்கள்.

மண்ணெண்ணெயை மட்டும் நான் வேறாகப் பார்க்கிறேன். 2022 ஆகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது, ஒரே இரவில். வடக்கில் சிறு இயந்திரப் படகுக்காரர் மண்ணெண்ணெயில்தான் கடலுக்குப் போகிறார்கள். தோட்ட லயன்களில் அடுப்பும் விளக்கும் அதில்தான். மலிவு மண்ணெண்ணெயைத் தொழிற்சாலைகளும் கலப்படக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்ற வாதம் சரி. அதற்கு வழி, விலையை ஏற்றும் அதே நாளில் மீனவருக்குக் காசாகக் கொடுப்பது. கொடுக்கப்பட்டது பிந்தி, போதாமல்.

கடைசியில் இந்தச் செலவை யார் கட்டினார்கள்?

கட்டிக்கொண்டிருக்கிறோம். வற் வரி 8 இலிருந்து 12, 15 என ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமானது. பதிவு எல்லை 6 கோடிக்கு இறங்கியது. சம்பளக்காரருக்கு 2023 ஜனவரியிலிருந்து 36 வீதம் வரை வருமான வரி. மருத்துவரும் பொறியியலாளரும் கூட்டமாகப் புறப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென வெளிநாடு போனார்கள்.

பேசப்படாதது ஊழியர் சேமலாப நிதியம். 2023 யூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. தொட்டால் வங்கிகள் சரியும் என்றார்கள். நிதியத்தின் முறிகள் நீண்டகால, குறைந்த வட்டி முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்பது நிபந்தனை. தனியார் துறைத் தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பு அது. அவருக்கு 9 வீதம் உத்தரவாதம் என்றார்கள். முந்திய ஆண்டு 70 வீதப் பணவீக்கம் அந்தச் சேமிப்பில் தின்றதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

யாராவது பொறுப்புக் கூறினார்களா?

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், கோட்டாபய, மஹிந்த, பஸில் ராஜபக்ஷக்கள், கப்ரால், முன்னைய ஆளுநர் டபிள்யூ.டி. லக்ஷ்மன், ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பி.பி. ஜயசுந்தர, திறைசேரிச் செயலாளராக இருந்த எஸ்.ஆர். ஆட்டிகல முதலானோர் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று கண்டது. தண்டனை எதுவும் இல்லை. வழக்குச் செலவு மட்டும். அப்படி இருந்தும், பொருளாதார முடிவு ஒன்றை நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறல் என்று சொன்னது இந்தப் பிராந்தியத்தில் சிறிய விடயம் அல்ல.

இனி அரசு நினைத்தால் மறுபடி அச்சடிக்க முடியாதா?

2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் கடன்பத்திரங்களை முதல்நிலை ஏலத்தில் மத்திய வங்கி வாங்குவதைத் தடுக்கிறது. திறைசேரிச் செயலாளர் இப்போது ஆளுகைச் சபையில் இல்லை. பணவீக்க இலக்கு 5 வீதம்; இரண்டு வீதப்புள்ளிக்கு மேல் விலகி இரண்டு காலாண்டு தொடர்ந்தால் பாராளுமன்றத்துக்குக் காரணம் சொல்லவேண்டும். விலை இறங்கியதால் இலக்குத் தவறி, அதற்கும் விளக்கம் எழுதினார்கள். நல்லதுதான். ஆனால் இது பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றக்கூடிய சட்டம். தேர்தல் நெருங்கும்போது இதில் கைவைக்கும் பேச்சு எழுந்தால் கவனமாக இருங்கள்.

சிறு வியாபாரி ஒருவர் எதைக் கவனித்துக்கொண்டிருக்கலாம்?

அரசியல்வாதியின் பேச்சைவிட அட்டவணைகளை. அரசு குறுகியகாலக் கடன் எடுக்கப் புதன்கிழமைகளில் நடத்தும் திறைசேரி உண்டியல் ஏலத்தில் வட்டி தொடர்ந்து ஏறினால், அரசுக்குப் பணம் இறுகுகிறது, சில வாரத்தில் உங்கள் வங்கி மிகைப்பற்றின் வட்டியும் ஏறும். மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் வெளிநாட்டுக் கையிருப்பு எண்ணைப் பாருங்கள். 2021 இல் அது பெரும்பாலும் இறங்கிக்கொண்டே போனதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். எரிபொருள் விலை மாத இறுதியில் திருத்தப்படுகிறது. போக்குவரத்துச் செலவுள்ளவர் பெரிய கூலி ஒப்பந்தத்தை அதற்கு முன்தினம் பேசாதிருப்பது நல்லது. வற் பதிவு எல்லை இன்னும் இறங்கும் திசையில்தான் இருக்கிறது, ஆகவே இன்று எல்லைக்குக் கீழே இருந்தாலும் பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக வைத்திருங்கள்.

டொலரின் வங்கி விலைக்கும் உண்டியல்காரர் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று ரூபா என்றால் பயமில்லை. அது பதினைந்து இருபது ரூபாவாகிக் கொழும்பில் எல்லோரும் "டொலர் ஸ்திரமாக உள்ளது" என்று சொல்லிக்கொண்டிருந்தால், இறக்குமதிப் பொருளைக் கடனுக்கு விற்பதை அன்றே நிறுத்திவிடுங்கள்.